மூன்று சுழி

என் தங்கமே, சவரி,

நம் ஊருக்குக் கரண்டு வந்துவிட்டதடா. கோயிலில் பல்பு எரிகிறது, பாட்டுதான் இல்லை. நீ நின்று பாடிய இடத்தில் யாரும் நிற்பதில்லை.

சாமியாராகப் படித்த குருமடத்தை விட்டு வந்தபோது நீ கொண்டுவந்தது ஒரே ஒரு கிழிந்த புத்தகம். பல நூறு வருஷத்துக்கு முன்னால் குருமடத்துப் பையன்கள் எழுதிய லத்தீன் காதல் பாட்டுகள். "பூசை பாஷையில காதலாடா? இடி விழும்" என்றேன். "விழட்டும்க்கா, நீ எழுது" என்றாய். நீ வாசிக்க வாசிக்க, கூடப் பாடுகிறவர்களுக்காக நான் தமிழ் எழுத்தில் எழுதினேன். மெட்டு உன்னுடையது.

‘வேனி’ என்றால் லத்தீனில் ‘வா’. ரெண்டு சுழி போடவேண்டிய இடத்தில் நான் மூன்று சுழி போட்டுத் தொலைத்தேன்.

உத்தனப்பள்ளிக் கலியாணப் பந்தலில், பந்திக்கு முன்னால், நீ கண்ணை மூடி "வேனி, வேனி" என்று இழுத்தாய். பந்தியில் இருந்த மாந்தோப்புக்கார அண்ணன்தம்பி மூவரின் தங்கை பெயர் வேணி என்று நமக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரிந்திருந்ததா சவரி?

அவளுடைய பெரிய அண்ணன் பாட்டு நோட்டைப் பிடுங்கினான். "பாருங்கடா, எழுதியே வெச்சிருக்கான்! எங்க தங்கச்சிய இத்தினி பேரு முன்னாடி கூப்புடுவியாடா?"

முதல் கட்டையடி உன் வாயில்தான் விழுந்தது. பல் தெறித்து வாழையிலையில் விழுந்தது. "அய்யோ, அது பேரு இல்லீங்க, வான்னு அர்த்தமுங்க" என்று கத்தினேன்.

"வான்னுதான கூப்புட்டிருக்கான்!" என்று இன்னும் அடித்தார்கள். மூன்று அண்ணன்மார், ஒரு மண்டை. வண்டி ஓசூர் ஆஸ்பத்திரியைச் சேருமுன் என் மடியிலேயே நீ போய்விட்டாய்.

மறுநாள் அரிவாளோடு அவர்கள் தோப்புக்குப் போனேன். ஆள் கிடைக்கவில்லை. கை ஓயும்வரை மாங்கன்றுகளை வெட்டினேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவில்லை, பாவமாகத் தோன்றினால்தானே.

நேற்று, ஜாமீனில் வந்திருக்கும் அந்தப் பெரிய அண்ணன் நம் வாசலுக்கே வந்தான். "எங்க தங்கச்சிமேல கண்ணு வெச்சுத்தான் பாடினான்னு கோர்ட்டுல சொல்லு. இல்லீன்னா உனக்கு நாக்கு இருக்காது."

நாளைக்குக் கிருஷ்ணகிரியில் சாட்சி. கூண்டில் ஏறி, எழுதியது நான், சுழி தப்பியது என் கை என்று சொல்வேன். நம்பாவிட்டால் பாடிக் காட்டுவேன். உன் வாயை உடைத்தவர்கள் மூன்று பேரும் உட்கார்ந்து கேட்கட்டும். நீ பாதியில் விட்ட பாட்டை இந்த நாக்கு இருக்கும்போதே முடித்துவிடுகிறேன், இது சத்தியம்.

சுழி தெரியாத உன் அக்கா