கீழாநெல்லி பற்றி நான் சொல்லாதது

2005 சனவரி 12, புதன்

செபல் அலித் துறைமுகக் கிடங்கில் இன்று சரக்கு மிகுதி. கராமா அறைக்குத் திரும்பியதும் உரைக்குறிப்புடன் அமர்ந்தேன். நாளை மறுநாள் இங்குள்ள வளைகுடாத் தமிழர் மன்றத்தின் பொங்கல் விழா. "தமிழரின் பச்சிலை அறிவு" என் தலைப்பு. கீழாநெல்லி குறித்து மருத்துவர் நஜீஹாவிடம் கேட்டிருந்தேன். இரண்டு தாள்கள் தந்தார்.

முதல் தாள், சென்னை ஆய்வு. கல்லீரலைத் தாக்கும் 'பி' கிருமியைக் குருதியில் சுமந்தோர்க்கு முப்பது நாள் இச்செடியைக் கொடுத்ததில், நூற்றுக்கு ஐம்பத்தொன்பதின்மர்க்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. இரண்டாம் தாள், பின்னர் பிற இடங்களில் செய்த ஆய்வுகள். அங்கே அவ்வாறு மறையவில்லை.

"ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்கய்யா. முதல்ல உள்ளதை மட்டும் சொன்னா ஜனங்க அதையே பிடிச்சுக்குவாங்க."

சொல்லலாம். ஆனால் ஏறிக்கொண்டே போகும் உரையில் இறங்குகின்ற செய்தியை எங்கே வைப்பது?

சனவரி 14, வெள்ளி

வைக்கவில்லை. இரண்டாம் தாளை மடித்துச் சட்டைப்பையில் இட்டேன். "ஐம்பத்தொன்பது!" என்று மும்முறை முழங்கினேன். அரங்கம் கைதட்டலால் அதிர்ந்தது; ஒலிநாடாவிலும் பதிந்தார்கள். நஜீஹா மட்டும் கைகளை மடியில் வைத்திருந்தார்.

சனவரி 17, திங்கள்

அடுத்த கட்டில்காரன் சேதுபதி, முதுகுளத்தூரான், கீழே உணவகத்தில் சமையல். இன்று வந்து அருகில் அமர்ந்தான்.

"அண்ணே, நீங்க அம்பத்தொம்பதுன்னு கத்துனீகள்ல, என் ஈரலு உள்ளேயே எந்திரிச்சு நின்னு கும்புட்டுச்சு."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அக்கிருமி அவனுக்கும் உண்டாம். நஜீஹா எழுதிய மாத்திரையை ஓராண்டாக உண்கிறான். ஊரில் மனைவி கனகாவுக்குக்கூடத் தெரியாது. ஏப்பிரலில் புதுக் கபீலிடம், அதாவது விசா தரும் முதலாளியிடம், மாறுகிறான். சமையல் விசாவுக்குக் குருதிச் சோதனை உண்டு. கிருமி தெரிந்தால் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள்.

"மாத்திரை அமுக்கித்தான் வைக்குமாம், அழிக்காதாம். உங்க செடி அழிக்கும்ல? ரெண்டையும் சேத்துத் திங்கவாண்ணே?"

"ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் வேண்டா, தம்பி. நம்பினால் முழுதாக நம்பு."

சனவரி 28, வெள்ளி

விடுப்பு முடிந்து வந்தவரிடம் கனகா ஒரு பை உலர்ந்த கீழாநெல்லி கொடுத்தனுப்பியிருக்கிறாள். 'உடல் சூட்டுக்கு' என்று சேதுபதி அவளிடம் சொல்லி வைத்திருக்கிறான். உணவக மிக்சியில் அரைத்துக் குடித்து முகம் சுளித்தான். "நாலு மொளகா கிள்ளிப் போட்டா தோசைக்காவது ஆகும்ணே!"

மாத்திரையை நிறுத்திவிட்டான்.

மார்ச்சு 1, செவ்வாய்

முப்பது நாள் முடிந்தது. தனியாய் ஓர் ஆய்வகத்தில் சோதித்திருக்கிறான். கிருமி அப்படியே இருக்கிறது. "இப்ப என்னண்ணே செய்ய?" என்றான்.

இன்னும் முப்பது நாள், என்றேன்.

மார்ச்சு 19, சனி

சோறு வடிக்கையில் விழுந்துவிட்டான். கண்கள் மஞ்சள். மருத்துவமனையில் சேர்த்தோம்.

மார்ச்சு 21, திங்கள்

நினைவு தப்பிவிட்டது. நஜீஹா வந்தார். செடிதான் நஞ்சாயிற்றோ என்று கேட்டேன். அப்படியேனும் இருக்கட்டும் என்று என் மனம் இறைஞ்சியது.

"செடி இல்லைய்யா. இந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா, அடங்கிக் கிடந்தது மொத்தமா எழும்பும். அதான் மாசாமாசம் சொல்லி அனுப்பினேன். யாரு நிறுத்தச் சொன்னது?"

"நான்."

"அந்த ரெண்டாவது தாளைப் படிச்சீங்களா?"

"படித்தேன்."

படிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அறிவிலி என்றாவது எண்ணியிருப்பார்.

மார்ச்சு 24, வியாழன்

போயிட்டான். அவன் கட்டிலை எப்படிப் பார்ப்பேன் — அண்ணே அண்ணேன்னு — அட பாவி, உனக்கு எதுக்குடா அந்தக் கைதட்டு?

ஏப்பிரல் 2, சனி

உடல் ஊர் போய்ச் சேர்ந்தது. கனகாவிடம் தொலைபேசியில் 'காமாலை முற்றிவிட்டது' என்றேன். நஜீஹா சொல்லச் சொன்னதையும் சொன்னேன்: உன் குருதியையும் சோதித்துக்கொள், தாயி. அவர் எண்ணையும் கொடுத்தேன். நான் செய்ததைச் சொல்லவில்லை. இங்கும் பாதிதான். மேடையில் பழகிய வாய்.

மே 6, வெள்ளி

தொலைபேசி அட்டை வாங்கிக் கனகாவை அழைத்தேன்.

"எனக்கும் இருக்காம்ணே. மதுரையில மாத்திரை எழுதியிருக்காக. ஒரு நாளும் விடப்படாதாம். இன்னும் தொடங்கல."

ஏன் என்றேன்.

"நீங்க பேசுன கேசட்டை அவுக பொங்கல் முடிஞ்சதுமே அனுப்பிவிட்டாக. நேத்து போட்டுக் கேட்டேன். கீழாநெல்லி நம்ம கொல்லையிலயே கெடக்கு. அதையே அரைச்சுக் குடிச்சிரவாண்ணே? நீங்க சொன்னா சரி."

நான் சொன்னால் சரி.

இரண்டு தாள்களையும் சொன்னேன். மடித்ததைச் சொன்னேன். சொற்கள் வரிசையாய் வரவில்லை; உளறினேன்.

"அப்ப அவுக மாத்திரை தின்னாகளா?"

"ஆமாம்."

"நிறுத்தச் சொன்னது?"

"நான்தான் தாயி. நீ நிறுத்திராத. இன்னைக்கே போடு. நான் பேசுன எதையும் நம்பாத."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

சூன் 17, வெள்ளி

ஆறு வாரமாகக் கனகா என் அழைப்பை எடுப்பதில்லை. மன்றத்துக்கு ஒரு மடல் எழுதினேன்: இரண்டாம் தாளை வாசிக்க மட்டும் ஐந்து நிமிடம் வேண்டும் என்று. மறுமொழி இல்லை.

இன்று கடைத்தெருவில் நஜீஹா எதிர்ப்பட்டார். கனகா அவரிடம் பேசுகிறாளாம். மாத்திரையை ஒரு நாளும் விடவில்லையாம்.

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னுதான் சொன்னாங்க" என்றார். "நானாத்தான் சொல்றேன்."