வருடம் இல்லாத பெட்டி

சலோமி,

மர ஆலைக்குப் போகிறேன். அடுப்பில் கோழியும் சோளமும் போட்ட சூப் இருக்கிறது, சாப்பிடு. உன் கல்யாணத்துக்கென்று நான் செய்த கம்பளிப் பெட்டியை அடுப்புப் பக்கம் நகர்த்தாதே. அதில் உன் பெயரெழுத்துகளைச் செதுக்கி, எடுப்பாகத் தெரிய அந்தப் பள்ளங்களில் கந்தகம் உருக்கி ஊற்றியிருக்கிறேன், சூடு பட்டால் விரிசல் விடும்.

நேற்று நீ, "ஈனோஸைக் கட்டிக்க மாட்டேன்பா" என்றதும், "அப்போ இந்தப் பெட்டி யாருக்குடி, பூனைக்கா?" என்று கத்திவிட்டேன். "பூனைக்கே குடுங்க, அதுவாவது நிம்மதியாத் தூங்கட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாய்.

பெட்டியில் பெண்ணின் பெயருக்குக் கீழே கல்யாண வருடம் என்பது நம் வழக்கம். உன்னைக் கேட்காமலே அதையும் செதுக்கியிருந்தேன். இன்று காலை அந்தப் பள்ளங்களில் கந்தகம் ஊற்றவில்லை. பெட்டி செய்த அதே வால்நட் மரத்தில் சில்லு சீவி, அடைத்து, இழைத்துவிட்டேன். உற்றுப் பார்த்தால் தெரியும். பார்க்காதே. எனக்கு முதுகு விட்டுப்போயிற்று.

ஈனோஸின் அம்மா வந்தால் அவர் பலகாரம் வைத்து அனுப்பிய தட்டைத் திருப்பிக் கொடு. மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பா

மறந்துவிட்டேன்: உன் கம்பளிகளை அதில் அடுக்கிக்கொள். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டா குளிர் வருகிறது?

மூடியைத் திறந்து போடாதே, பூனை ஏறிவிடும். பெட்டி உனக்குத்தான்.