சாவி என்னிடம் இருந்த ஞாயிறு

நேற்று பால்கனியில் உன் பாராகிளைடர் பையை உதறினேன். அறுத்த ராகி வயலின் காய்ந்த தாளும் செம்மண்ணும் கொட்டின. துடைப்பத்தை எடுக்கத் தெம்பில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பை உன் அம்மா கொடுத்தது. "நீயே வச்சுக்கோப்பா, வீட்ல பார்த்தா தாங்கல" என்றார்கள்.

போன மார்கழி, கோலார் பக்கத்துக் குன்று. நீ, நான், நம் தோழி ராஜி, மூவரும் பறக்கப் போயிருந்தோம். வாரம் முழுக்க பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் முன்னால் கிடக்கும் நமக்கும், ஸ்ரீராம்புரத்திலிருந்து மெட்ரோ பிடித்து வரும் அவளுக்கும் ஞாயிறு ஒரு நாள்தான் மூச்சு. நமக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். கார் ஓட்டுகிறவர் முதலில் பறந்து இறங்கிவிட வேண்டும். அப்புறம் கீழே வாக்கி-டாக்கி ரேடியோவோடு நிற்க வேண்டும். அவர் "போதும்" என்றால் மேலே இருப்பவர் மறுபேச்சில்லாமல் இறங்க வேண்டும். அன்று கார் சாவி என்னிடம்.

நாலு மணிக்கு மேல் காற்று அப்படிச் சீராக வந்தது. சரிவில் மோதி மேலெழும் அந்தக் காற்றில் நீ முகட்டோடு போவாய், பள்ளத்துப் பக்கம் திரும்புவாய், மறுபடி வருவாய். ராஜி அண்ணாந்து பார்த்து, "ஏனு குரு, என்னப்பா இது, இவன் இன்னிக்கு இறங்க மாட்டான் போல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகு வலி, மறுநாள் காலையில் மீட்டிங், வழியெல்லாம் டிராஃபிக்.

"போதும்டா, இறங்கு."

"மச்சான், ஒரே ஒரு ரவுண்டு. காத்து சூப்பரா இருக்குடா."

"சாவி யார்கிட்ட இருக்கு?"

இறங்கிவிட்டாய். முகத்தைக்கூடத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அப்படியும் கே.ஆர்.புரம் பாலத்தருகே ஒன்றரை மணி நேரம் நின்றோம். மூன்றே வாரத்தில், ஆபீஸ் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவேயில்லை. அந்த ஞாயிறுதான் நீ கடைசியாகப் பறந்தது. ஒரு ரவுண்டுக்கு ஐந்து நிமிஷம் ஆகுமா? பாவி நான், அதைக்கூடத் தரவில்லை.

போன ஞாயிறு ராஜி விடாப்பிடியாக அழைத்துப் போனாள். மறுபடியும் சாவி என்னிடம். அவள் மேலே போய்வந்துகொண்டிருந்தாள். வேண்டுமட்டும் பறக்கட்டும், கூப்பிடவே கூடாது என்று வைராக்கியமாக நின்றேன். வெயில் சரிந்தது. குன்று மங்கத் தொடங்கியது. ரேடியோவைத் தொடவில்லை. கடைசியில் அவளாகவே இறங்கி, வயலில் தடுமாறி விழுந்தாள். முழங்காலில் ரத்தம்.

"லூசாடா நீ? குளிர்ல விரல் விறைச்சுப் போய் பிரேக் கயிறையே பிடிக்க முடியல. நீ கூப்பிடலைன்னா இன்னும் நேரம் இருக்குன்னுதானே அர்த்தம்? மேல இருக்கறவங்களுக்கு நேரம் தெரியுமா?"

அழுதுவிட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "சும்னிரு, அழாத. அவனும் உன் குரலை நம்பித்தான்டா அன்னிக்கு அவ்ளோ நேரம் மேல இருந்தான்" என்றாள்.

இருக்கலாம். இனி நேரம் பார்த்து அவளைக் கூப்பிடுவேன். ஆனாலும் உனக்கு அந்த ஒரு ரவுண்டைக் கொடுத்திருக்கலாம்டா. அது மட்டும் ஆறவே மாட்டேன் என்கிறது.