ரீடரில் போய்ச் சேராத மன்னிப்பு

வேலை முடிந்து வந்ததும் முதலில் என் பேரைக் கூப்பிடுகிற அப்பாவுக்கு,

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சிதம்பரத்திலிருந்து மாமா வந்திருந்தார். ஆமாம், அம்மாவின் தம்பியேதான். பன்னிரண்டு வருஷம் கழித்து.

என் காதுகுத்து அன்றைக்கு அவர் வந்த பஸ் லேட்டாகிவிட்டது. "அவன் வர்றப்ப வரட்டும்" என்று என்னைச் சித்தப்பா மடியில் உட்கார வைத்துக் காது குத்தினீர்கள். தாய்மாமன் மடி இருக்கும்போது! சீர்த்தட்டோடு வந்தவர் பந்தலிலிருந்தே திரும்பிப் போனாராம்.

தப்பு உங்கள் மேல்தான் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் வாயால் சொல்ல வரவில்லை. செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து, நம் ஊர் குடிகாட்டுக் காற்றில் இன்றைக்கு என்ன நாற்றம் என்று எழுதுவீர்களே, அந்த வலைப்பூவில் மன்னிப்புக் கேட்டு எழுதினீர்கள். மாமா ஜெராக்ஸ் கடையைத் திறந்ததும் அதைத்தான் முதலில் படிப்பார். "மச்சான், என்ன மன்னிச்சிடு" என்று முடித்திருக்கிறீர்கள். பதில் வரவில்லை. "படிச்சிட்டுத்தான் கம்முனு இருக்கான், திமிரு" என்றீர்களாம்.

பத்தாவதுக்கு அப்புறம் நான் மாமா வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று அம்மா கெஞ்சினாள். "அவன் வாசல்ல போய் நிக்கணுமா?" என்றீர்கள். இப்போது வீட்டில் முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிக்கிறேன்.

அந்தப் பதிவை என் போனில் மாமாவிடம் காட்டினேன். நின்றபடியே படித்தார்.

"ரீடரையே மூடிட்டானுங்களேம்மா! உங்கப்பன் ப்ளாக் அட்ரஸ எவன் ஞாபகம் வச்சான்? தானா வந்து விழும், படிப்பேன். அது போனதும் உங்கப்பன் எழுதறதயே வுட்டுட்டான்னு நெனச்சேன்."

பிடித்த வலைப்பூக்களில் புதிதாக எது வந்தாலும் ஒரே பக்கத்தில் காட்டுமாம் அந்த ரீடர். பெரிய கம்பெனி ஒன்று இலவசமாகக் கொடுத்ததாம். போட்டி போட முடியாமல் சின்ன ரீடர்கள் செத்தன. பிறகு அதையும் மூடினார்கள். நீங்கள் மன்னிப்பு எழுதியதற்கு இரண்டு வாரம் முன்னால்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம்தான். உங்கள் மேல் அதைவிட ஜாஸ்தி. ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா, அப்பா?

மாமா கிளம்பும்போது, 'மேல படிக்கிறியா' என்று கேட்பார் என்று தலைகுனிந்து நின்றேன். கேட்கவில்லை. பஸ் போன பிறகுதான் உறைத்தது, நானும் நீங்கள் செய்ததையே செய்கிறேன் என்று.

திங்கட்கிழமை சிதம்பரம் போகிறேன். மெசேஜ் போட மாட்டேன். கடையில் யார் இருந்தாலும் சரி, "மாமா, நான் படிக்கணும்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். சத்தியம்.

உங்கள் வெட்கத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்ட மகள்,
பூங்கொடி