டீசேர்ட்டின் முதுகு

ஜூலை 4, வெள்ளி

சோளகக் காத்து பேயாட்டம் அடிக்குது. வெங்காயம் மூடின படங்கு ரெண்டு தரம் பறந்திட்டு. வாயெல்லாம் மணல்.

தங்கச்சி ஸஹ்ராக்கு கெம்பஸ் கிடைச்சிட்டு. நான் படிக்கிற அதே கெம்பஸ். உம்மா வட்டிலப்பம் செஞ்சா. வாப்பா கடைக்குப் போகக்குள்ள புதுச் சாரன் உடுத்தார்.

செய்ய: போட்டோ. அடையாள அட்டைக் கொப்பி. கிராம சேவகர் கையெழுத்து. எல்லாம் புதனுக்குள்ள, அண்டையோட பதிவு முடியுது.

ஜும்ஆ முடிஞ்சு மாமா வந்தார். உம்மாட கூடப்பிறந்த நானா, கருவாட்டு முதலாளி. "அந்தக் கெம்பஸா? ஆட்டமும் கூத்தும் எண்டுதானே ஊரே கதைக்குது." மூணு வருஷமா அங்க படிக்கிறவள் முன்னுக்கு நிக்கிறன். என்னட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல. இறைச்சியை மட்டும் ரெண்டாம் தரம் கேட்டார்.

ஜூலை 5, சனி

குடும்பத்து வட்ஸ்அப்பில மாமா ஒரு வீடியோ போட்டிருக்கார். ஆலங்குடாக் கடற்கரை. நெருப்பு, பாட்டு, போத்தல். வெள்ளைக்காரக் கூட்டத்துக்கு நடுவில ஒரு பொடியன் ஆடுறான். முகம் இல்ல, முதுகு மட்டும். எங்கட கெம்பஸ் டீசேர்ட். கீழ, "கெம்பஸ் புள்ளைகள்ட லட்சணம்."

ஆட்டமாம். விடிய முதல் வாளியோட வரிசை, பைப்பில தண்ணி நிக்க முதல் பிடிக்கணும். கென்டீன் பருப்பில மிதக்கிறது என்னெண்டு பாக்காமல் விழுங்கணும். அறையில ஆறு பேர், ஒரு பேன், அதுவும் முனகுது. ஸ்ட்ரைக் எண்டா வீட்ட, முடிஞ்சா திரும்பவும் பஸ்ல நிண்டுகொண்டே. நான் கண்ட ஒரே பார்ட்டி அறைப் புள்ளைட பிறந்த நாள். ஒரு பட்டர் கேக், மெழுகுதிரிக்குப் பதிலாப் போன் வெளிச்சம். அதுக்கும் வார்டன் ஏசினா.

வாப்பா வீடியோவைப் பாத்தார். போனைக் கவுத்து வச்சார். "ஸஹ்ரா இங்கயே ஏதும் படிக்கட்டும்."

பின்னேரமே மாமா உம்மாக்குக் கோல். ஸஹ்ராவை அவர்ட மகன் ரிஸ்வானுக்குப் பேசி முடிப்பமாம். "புள்ளை கெட்டுப் போக முதல்." ரிஸ்வான் ஆலங்குடாவில, கடல்ல காத்தாடி கட்டிச் சறுக்கி விளையாடுற வெள்ளைக்காரருக்குப் பலகை தூக்குறான். ஸஹ்ரா கிணத்தடியில அழுதாள்.

ஜூலை 6, ஞாயிறு

காத்துக் குறையல்ல.

ஸஹ்ரா வீடியோவை நிப்பாட்டிப் பெருசாக்கிக் கொண்டு வந்தாள். "ராத்தா, முதுகில என்னமோ எழுதியிருக்கு."

கருவாடு.

அப்படி ஒரு டீசேர்ட்தான் இருக்கு, அது என்டது. முதல் வருஷம் பகிடிவதையில, எந்த ஊர் எண்டு கேட்டாங்க. கற்பிட்டி எண்டன். ஒரு சீனியர் மூக்கைப் பொத்தினாள். அண்டைக்கு வச்ச பேர். பெட்ச் டீசேர்ட் முதுகில எல்லாருக்கும் பகிடிவதையில வச்ச பட்டப் பேரை அடிச்சாங்க, எனக்கும் அடிச்சாங்க. நான் உடுத்தவே இல்ல. வீட்ட மூச்சு விடல்ல. போன லீவில கருவாடு காய வைக்கிற வாடியில துடைக்கத் துணி வேணுமெண்டு மாமி கேட்டா, சனியன் தொலையட்டும் எண்டு குடுத்திட்டன்.

திரும்பவும் பாத்தன். இடப்பக்கம் சரிஞ்ச தோள். ரிஸ்வானேதான். சீ.

சொல்லணும். சொன்னா அந்தப் பேரையும் சொல்லணும். அதைக் கேட்டா வாப்பா ஸஹ்ராவை எப்படி அனுப்புவார்?

ஜூலை 7, திங்கள்

மாமா குடும்பம் பொண்ணு கேட்டு வந்தது. மாமி கையில இனிப்புக்குத் தொதல். ரிஸ்வான் வெள்ளை ஜுப்பா, தொப்பி, அத்தர். கதிரையில பாத்திஹா ஓத வந்தவன் கணக்கா இருந்தான். மாமா திரும்பவும் அந்த வீடியோக் கதை. பொறுக்கேலாமல் போச்சு.

"மாமி, நான் தந்த டீசேர்ட் எங்க?"

பாவம் மாமி. "அது நல்ல துணி புள்ள, துடைக்க மனம் வரல்ல. இவன்தான் வேலைக்கு உடுத்துறான்."

வீடியோவை நிப்பாட்டி வாப்பாட கையில குடுத்தன். ரிஸ்வான் நிலத்தைப் பாத்தான். மாமா இருமினார். "ஆம்புளப் புள்ளதானே. வேலை செய்யிற இடத்தில முன்னப் பின்ன இருக்கும்."

கெம்பஸ் பொடியன் எண்டா லட்சணம். தன்ட மகன் எண்டா வேலை செய்யிற இடம். அவர்ட முகத்தைப் பாக்கவே அருவருப்பா இருந்திச்சு.

அப்பதான் உம்மா கேட்டா. "உன்ட சட்டையில ஏன் கருவாடு எண்டு இருக்கு?"

சொன்னன். மூக்கைப் பொத்தினது, கென்டீன்ல நான் இருந்தா மேசை மாறினது, எல்லாம். உம்மா முக்காட்டால வாயைப் பொத்தினா.

மாமா விடல்ல. "கேட்டீங்களா மச்சான்? இப்படியான இடத்துக்கா இளையவளையும் அனுப்பப் போறீங்க?"

கருவாடு வித்துக் கட்டின வீட்டுக்காரர் சொல்றார். முடிஞ்சிது எண்டு நினைச்சன்.

வாப்பா எழும்பினார். "மச்சான், தொதலை எடுத்துட்டுப் போங்க."

ஜூலை 8, செவ்வாய்

கிராம சேவகர் கையெழுத்து ஓகே, வாப்பாவே கூட்டிக்கொண்டு போனார். போட்டோவில ஸஹ்ரா முழுசிக்கொண்டு நிக்கிறாள்.

வெங்காயம் அரியக்குள்ள வாப்பா கேட்டார். "இப்பவும் அப்படியா கூப்பிடுறாங்க?" ஓம் எண்டன். அவர் கண்ணைத் துடைச்சார், வெங்காயம்தான் எண்டு வச்சுக்கொள்றன்.

மாமா வீடியோவை அழிக்கல்ல. பாமசிக்காரன் மருந்தை நீட்டிக்கொண்டே, "கெம்பஸ்ல ஆட்டமெல்லாம் எப்படி?" எண்டு பல்லைக் காட்டினான். ரிஸ்வான்ட பேர் ஊர்ல ஒருத்தர்ட வாயிலயும் இல்ல.

மாமி டீசேர்ட்டைக் கழுவி அனுப்பியிருக்கா. சாராய மணம் இன்னும் போகல்ல. பையில கட்டிக் குப்பைக்கு வச்சன்.

ஜூலை 9, புதன்

ஒன்லைன்ல பதிவு முடிஞ்சது. கரண்ட் போக முதல் முடிஞ்சது, அல்ஹம்துலில்லாஹ்.

போறதுக்கு இன்னும் நாள் கிடக்கு, ஸஹ்ரா இப்பவே பேக் அடுக்குறாள். துவாய் வைக்கத் திறந்தன். அடியில அந்த டீசேர்ட், மடிச்சு.

"என்னடி இது?"

"எந்த ஊர் எண்டு என்னட்டயும் கேப்பாங்கதானே ராத்தா," எண்டாள். "வாயால சொல்ல மாட்டன். இதை உடுத்துக்கொண்டு திரும்பி நிப்பன்."