கோமுகி அணையின் ஆறாவது கூண்டு

வடக்குமுனை
20.1.2025

அன்புள்ள தம்பி பகலவனுக்கு,

அண்ணி கமலா எழுதுவது. அத்தையும் நானும் சுகம். போனில் என் குரல் கேட்டதுமே "சிக்னல் இல்லை அண்ணி" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம் அல்லவா?

தீவுப் பக்கம் யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்று வனத்துறை தடை போட்ட பிறகு, எங்கள் பெண்கள் குழுவுக்குக் கடல்பாசி வளர்க்கச் சொல்லித் தந்தார்கள். மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து, இடுப்பளவு தண்ணீரில் விடுகிறோம். ஓரா மீன் மேய்ந்துவிடாமல் இருந்தால் நாற்பத்தைந்து நாளில் அறுக்கலாம். உங்களுக்கு மலையடிவாரத்து அணையில் கூண்டு மீன் வளர்ப்பு. நல்ல தொழில்தான். ஆனால் அண்ணன் கடலோடு போன ஏழாம் நாளே அதற்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கிளம்பினீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

உடல் கிடைக்காததால் நான் இன்னும் தாலியைக் கழற்றவில்லை. ஊர் ஒரு மாதிரி பார்க்கிறது. பார்த்துவிட்டுப் போகட்டும்.

சாப்பாடெல்லாம் எப்படி? பதில் போடுங்கள்.

அண்ணி
கமலா

கச்சிராயபாளையம்
31.1.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் எனக்குப் பேச்சு வருவதில்லை.

இங்கே அணையில் எட்டுக் கூண்டுகள் மிதக்கின்றன. பின்னால் மலை, முன்னால் கரும்பு. தண்ணீரில் உப்பே இல்லை, அதுதான் இன்னும் பழகவில்லை. காலையும் மாலையும் தீவனம் போடுவோம். வெள்ளிக்கிழமைதோறும் நான் மூழ்கி வலைகளைத் தடவிப் பார்ப்பேன். ஆமை கடித்து அங்கங்கே கிழிசல் விழும்.

ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் ஆறாவது கூண்டின் அடியில் ஒரு முழக் கிழிசல் இருந்தது. நூலெடுக்க மேலே வந்து, மறுபடி இறங்கினேன். கிழிசல் முடையப்பட்டிருந்தது. புது நூல் இல்லை; நம் ஊரில் போடுகிற பச்சை நூல், வெளுத்துப்போனது. முடிச்சு இடக்கை முடிச்சு.

எங்கள் மேற்பார்வைக்காரர் கொளஞ்சியப்பனிடம் கேட்டேன். "இன்னாப்பா சொல்ற? இங்க முங்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். நாங்கள்லாம் கரும்பு வெட்டிக்கினு இருந்தவங்க" என்றார்.

அத்தனை பேரிலும் உங்களிடம்தான் இதைச் சொல்லத் தோன்றியது.

தம்பி
பகலவன்

வடக்குமுனை
8.2.2025

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உங்கள் அண்ணன் இடக்கைக்காரர். சோற்றைக்கூட இடக்கையால் எடுத்துவிட்டு அத்தையிடம் திட்டு வாங்குவார்.

எனக்குப் பயமாக இல்லை. உங்களுக்கு இருக்கிறதா?

எனக்காக ஒன்று செய்யுங்கள். அந்தக் கூண்டில் நீங்களே ஒரு கிழிசல் போட்டுப் பாருங்கள். அவர்தான் என்றால் நான் எழுதுவதை அவரிடம் சொல்லுங்கள். பாசி நன்றாக வருகிறது என்று சொல்லுங்கள். ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று கேளுங்கள்.

சிரிக்காதீர்கள். பதிலை உடனே போடுங்கள்.

கமலா

கச்சிராயபாளையம்
21.2.2025

அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். நேற்றுக் காலை ஆறாவது கூண்டில் கத்தியால் ஒரு சாண் கிழித்தேன். தீவனம் போட்டுவிட்டு வருவதற்குள் மூடியிருந்தது. மீன்கள் எல்லாம் கூண்டின் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றன, அடுத்த பக்கத்தில் ஆள் நிற்பதுபோல. நல்ல வெயில். எனக்குப் பல் கிட்டியது.

நங்கூரக் கயிற்றைப் பிடித்து இரண்டு முறை இழுத்தேன். அடியிலிருந்து ஒரு முறை இழுபட்டது.

அண்ணி, அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இனி என்னால் இருக்க முடியாது.

அன்று நானும் அண்ணனும் தடையை மீறித் தீவுக்குப் பின்னால் கடல் அட்டை எடுக்கப் போயிருந்தோம். அவர் கீழே, நான் படகில், அவர் மூச்சுக்குப் போகும் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு. ரோந்துப் படகின் சத்தம் கேட்டது. குழாயை இரண்டு முறை இழுத்தால் 'மேலே வா'. இழுத்தேன். அவர் ஒரு முறை இழுத்தார். 'இரு, வருகிறேன்' என்று அர்த்தம்.

நான் இருக்கவில்லை. குழாயை அறுத்துவிட்டுப் படகை விரட்டினேன். எப்படியும் நீந்தி மேலே வந்துவிடுவார், திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் போனபோது அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது. நீரோட்டம் இழுத்துப்போனது என்று ஊரில் பொய் சொன்னேன்.

கொளஞ்சியப்பனும் ஆறாவது கூண்டுப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். "நீ வூட்டுக்குப் போயிடுப்பா. அந்த மீனுங்க நிக்கறது எனக்கு சரியாப் படல" என்கிறார். ஊருக்குக் கிளம்பி வரலாமா? நீங்கள் வா என்றால் வருகிறேன். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

பகலவன்

வடக்குமுனை
1.3.2025

பகலவனுக்கு,

உன் கடிதத்தைக் கடலில் மிதவைக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். தண்ணீர் நெஞ்சு வரை ஏறியது தெரியவில்லை. குழுப் பெண்கள் வந்து கையைப் பிடித்து இழுத்துப்போனார்கள்.

கரையிலேயே தாலியைக் கழற்றினேன். அவர் கனவில் வந்து சொல்லிக்கொண்டு போய்விட்டார் என்று அத்தையிடம் சொன்னேன். அழுது ஓய்ந்த பிறகு, "சின்னவனையாவது வரச் சொல்லு தாயி" என்றார்கள். அவர்களுக்கு எதையும் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். மிச்சமிருக்கும் ஒரு பிள்ளையையும் அவர்களிடமிருந்து நான் பறிக்க முடியாது.

இத்தனை மாதமும் நான் அவரை இந்தக் கடலில் தேடினேன். பாசிக் கயிற்றைத் தூக்கும்போதெல்லாம் மறுமுனை கொஞ்சம் கனக்காதா என்று பார்ப்பேன். ஒரு நாளும் கனக்கவில்லை. என்னிடம் வராதவர், அத்தனை கரும்புக் காட்டையும் தாண்டி உன்னிடம் வந்திருக்கிறார். கோபத்தில் வந்தாரா, பாசத்தில் வந்தாரா, எனக்குத் தெரியாது. கோபத்தில் வந்தவர் எதற்கு உன் வலையை முடைய வேண்டும் என்றுதான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்க உன்மேல் எனக்கு ஆத்திரம்தான் கூடுகிறது.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வராதே. வேறு ஊருக்கும் போகாதே. அந்த அணையிலேயே கிட. இந்த முறையாவது அவரைத் தண்ணீரில் தனியாக விட்டுவிட்டுக் கரைக்கு ஓடாதே.

கமலா