சூப்புக்கு ஒரு தாங், சர்க்கரைக்கு ஒரு தாங்

நேற்று ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில் சிக்கன் சூப்பு வாங்கினேன். ஆவியோடு வினிகரும் சோயா சாஸும் மூக்கில் ஏறியதும் கப்பை அப்படியே வைத்துவிட்டேன். "இன்னா சார், காரம் ஜாஸ்தியா?" என்றார் வண்டிக்காரர். இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நீ போய் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

எண்பதுகளில் நம் ஷூ கம்பெனிக்குத் தைவானிலிருந்து புது மிஷின்கள் வந்தன. அவற்றை மாட்டிக் கொடுக்க லின் என்ற தைவான்காரர் வந்தார். கேன்டீன் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மறுநாள் நீ வீட்டிலிருந்து வெறும் சோறும் மிளகாய் போடாத கோழியும் எடுத்து வந்தாய். லின் ஒரு கவளம் தின்றுவிட்டு "ஹாவ் ச்சி" என்றார். "நல்லா இருக்குன்னு சொல்றார் போல," என்று நீயே அர்த்தமும் சொன்னாய். அன்றைக்கு ஆரம்பித்தது உன் சீன பாஷைப் பைத்தியம்.

வீட்டில் உருது, தெருவில் தமிழ், சித்தூர் லாரிக்காரர்களிடம் தெலுங்கு என்று பேசி வளர்ந்தவன் நீ. இன்னொரு பாஷை உன்னைப் பயமுறுத்தவில்லை. லின் இருந்த இரண்டு மாதமும் சாப்பாட்டு மேஜையிலேயே படித்தாய். "ச்சான்னா டீ. இதுல இன்னாடா கஷ்டம்? நம்ம சாயா தான்." காரம் வேண்டாம் என்பதற்கு "பூ யாவ் லா." ஓட்டலில் பில் கேட்பதற்கு "ஜியே ஜாங்." எல்லாவற்றையும் நோட்டில் தமிழில் எழுதி, எழுத்துகளின் தலையில் ஏறியும் இறங்கியும் கோடு போட்டாய். நீ சொல்லும்போது லின் கையைக் காற்றில் உயர்த்துவார், தாழ்த்துவார். உன் குரல் அந்தக் கையோடு போகும்.

அவர் ஊருக்குப் போனபின், ஒரு மெக்கானிக்கைத் தைவானுக்கு மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். அது நீதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நீ ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். "வோ பூ ச்சி ஜூ ரோ." நான் பன்றிக்கறி சாப்பிட மாட்டேன். "மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல. இது மறந்தா நான் பட்டினி தான்."

வெளிநாட்டுக்கு அனுப்புமுன் எடுத்த எக்ஸ்ரேயில் எல்லாம் முடிந்தது. ஷூ கம்பெனிக்கு வருவதற்கு முன், தோலைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் பஃபிங் மிஷினில் ஒன்பது வருடம் நின்றிருந்தாய். அந்தத் தூசி முழுக்க உன் நெஞ்சுக்குள்தான் போயிருந்தது. ஒட்டுகிற வியாதி இல்லை, ஆனால் ஆறுகிற வியாதியும் இல்லை என்றார் டாக்டர்.

உனக்குப் பதிலாகப் போகச் சொல்லி மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நான் இரண்டு தடவை மறுத்தேன் என்றுதான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். ஒரு தடவைகூட மறுக்கவில்லை. "சரி சார்" என்றுதான் சொன்னேன்.

அடுத்த நாள் கேன்டீனில் நீ நோட்டை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். "மூஞ்சிய ஏன்டா தொங்கப் போட்டுக்கினு இருக்க? நீ கஸ்டமர், நான் சர்வர். கேளு." தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாய். நான் சொன்னது எதுவும் உனக்குத் திருப்தியாக இல்லை. தாங் என்றால் சூப்பு, குரலை ஏற்றித் தாங் என்றால் சர்க்கரை. "'தாங்க'ன்னு கேக்கற மாதிரி ஆரம்பிச்சிட்டு கடைசி எழுத்த முழுங்கிடு. ஏத்தாத, ஏத்தினா சக்கரை வந்துடும்." பன்றி வாக்கியத்தில் ஜூவை அடித்து நியூ என்று எழுதினாய். "எனக்குப் பன்னி, உனக்கு மாடு. உங்க வீட்ல கேட்டா நான் தான் பதில் சொல்லணும்."

தைச்சுங் என்ற ஊரில் முதல் நாள் மதியம் ஒரு சின்ன ஓட்டலில் உட்கார்ந்தேன். நடுவயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். "வோ பூ ச்சி நியூ ரோ" என்றேன். புரியாமல் தலையைச் சாய்த்தாள். மறுபடி சொன்னேன். உள்ளே இருந்தவரைக் கூப்பிட்டாள். அவரும் கேட்டுவிட்டுச் சிரித்தார். நல்ல மனிதர்கள்தான், எனக்குத்தான் சொல்ல வரவில்லை. தாங் கேட்டேன். கிண்ணத்தில் சர்க்கரை வந்தது. கடைசியில் அவர்களே வினிகரும் சோயா சாஸும் மணக்கும் கறி போட்ட நூடுல்ஸ் கொண்டுவந்தார்கள். பசியில் தின்றேன். அந்தக் கடை மாட்டுக்கறிக்குப் பேர்போனது என்று அந்த ஊர் கம்பெனி அதிகாரி சாயங்காலம்தான் ஆங்கிலத்தில் சொன்னார். நோட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். மீதி நாளெல்லாம் ரொட்டியும் வாழைப்பழமும்தான்.

திரும்பி வந்து, கம்பெனியில் தலைகாட்டிவிட்டு நேராக உன் வீட்டுக்கு வந்தேன். இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"புரிஞ்சிச்சாடா அவங்களுக்கு?"

உன் முகத்தைப் பார்த்தேன். "எல்லாம் புரிஞ்சிச்சி. சூப்பு கேட்டேன், சூப்பே வந்திச்சி."

நீ கை தட்டினாய். சிரிப்பு இருமலாகி அடங்க ரொம்ப நேரமாயிற்று. "கேட்டியா?" என்று உள்ளே இருந்த உன் மனைவியை, நான் பாபி என்று அழைப்பவரை, கூப்பிட்டுச் சொன்னாய். "அப்போ அடுத்த பேட்ச்ல நான் போறேன். உடம்பு தேறிடும்."

அடுத்த பேட்ச் என்று ஒன்று இல்லை. மேனேஜர் அதை அன்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். நான் சொல்லவில்லை.

நீ இன்னொரு நோட்டு போட்டாய். எனக்குக் கம்மியா வைங்க, வீட்டில் செஞ்ச மாதிரி இருக்கு, என்று லின்னிடம் கேட்டதையெல்லாம் நினைவிலிருந்து எழுதினாய். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, "நீ அங்க காதால கேட்டவன். சரியா இருக்கா?" என்பாய். எனக்கு அங்கே ஒன்றும் விளங்கவில்லை. "கரெக்ட்டா இருக்குடா" என்பேன். போகப் போக ஒரு வாக்கியம் இரண்டாக உடைந்தது, பிறகு மூன்றாக. ஏற வேண்டிய இடத்தில் உன் குரல் ஏறவில்லை. "மூச்சு இருந்தா தான்டா இந்த பாஷை," என்றாய் ஒரு நாள். அதற்கும் நான் ஏதோ தைரியம் சொன்னேன்.

கடைசி வாரத்தில் பாபி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நீ முகத்தைத் திருப்பி "ச்சி பாவ் லா" என்றாய்.

"அண்ணா, இன்னா சொல்றாரு?"

"வயிறு நிறைஞ்சிடுச்சின்னு சொல்றான் பாபி."

ஒரு ஸ்பூன்கூட உள்ளே போயிருக்கவில்லை. அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்து, மதியத் தொழுகைக்குப் பிறகு உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம்.

உன் மகன் இப்போது பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கிறான். நான் போனால் கடைக்கு வந்தவர்களிடம் சொல்கிறான்: "எங்க அப்பா சொல்லிக் குடுத்த சீன பாஷைய வெச்சி தான் இவரு தைவான்ல மூணு வாரம் சாப்ட்டாரு." போன ரம்ஜானுக்கு பாபியும் அதையே சொல்லிச் சிரித்தார். உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவர்களிடம் இருப்பது அது ஒன்றுதான். அதை நான் எப்படிப் பிடுங்குவேன்? "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அங்கே யாருக்கும் புரியவில்லை. ஆனால் தப்பு நீ எழுதியதில் இல்லை, என் வாயில்தான். நீ பேசியபோது லின் ஒரு தடவைகூடத் தலையைச் சாய்த்ததில்லை. உன்னைத்தான் அனுப்பியிருக்க வேண்டும். தலையணையில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாயே, அப்போது தமிழிலேயே சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம் இது. கேட்க நீ இருந்தபோது சொல்லவில்லை. இப்போது தினமும் சொல்கிறேன்.